நான் ஆண்ட அடுக்களை

எனக்குத் துருக்கி மொழி தெரியும். திருவனந்தபுரத்தில், கரமனையில் எங்கள் அக்கிரகாரத் தெருவில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேர், "அதனால என்ன பிரயோஜனம்?" என்பார்கள். பிரயோஜனம் என்னுடைய அறுபத்து மூன்றாவது வயதில் வந்து சேர்ந்தது.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் போல ஒரு தம்பதி, பத்மநாப சாமி கோயிலுக்குள் போக முடியுமா முடியாதா என்று தங்களுக்குள் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். காதில் விழுந்தது துருக்கி. சும்மா இருக்க என்னால் முடியுமா? உள்ளே விடமாட்டார்கள், ஆனால் தெப்பக்குளத்தின் கரையில் நின்றால் கோபுரம் முழுசாகத் தெரியும் என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் என் பை கீழே விழுந்துவிட்டது. பின்னால் நின்றிருந்த ஒரு மலையாளிப் பெண் அதை எடுத்துக் கொடுத்து, நான் பேசியது என்ன பாஷை என்று விசாரித்தாள். கழக்கூட்டத்தில் அகராதி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் அவள் பதிப்பாசிரியர். "அங்கிளே, ஒரு ஜோலி உண்டு. செய்யாமோ?" என்று அங்கேயே கேட்டாள்.

வேலை இதுதான். இணையத்தில் வரப்போகும் அகராதி. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனைக்கும் துருக்கிச் சொல், கூடவே தமிழும் மலையாளமும். இயந்திரம் முதலில் நிரப்பிவிடும். நான் பார்த்துத் திருத்தவேண்டும். துருக்கியில் இஸ்மிர் நகரத்தில் ஒரு பேராசிரியை கடைசியாகப் பார்த்து ஒப்புதல் தருவார். நான் புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்தால், அது வரும் வாக்கியத்தையும், யார் யாரிடம் சொல்லக் கேட்டேன் என்பதையும் எழுதித் தரவேண்டும். அது கம்பெனியின் சட்டம்.

மூன்றாவது வாரம் 'ரூல்' என்ற வினைச்சொல் வந்தது. ஆறு அர்த்தம். ஆறுக்கும் இயந்திரம் 'யோனெத்மெக்' என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் காப்பி ஆறிப்போயிற்று. யோனெத்மெக் என்றால் நடத்துவது, நிர்வாகம் பார்ப்பது. கம்பெனியை நடத்தலாம், கப்பலை நடத்தலாம். அரியணையில் வீற்றிருப்பதற்கு 'சல்தனத் சுர்மெக்' என்று தனியாக இருக்கிறது. அடக்கி ஆள்வதற்கு 'ஹுக்மெத்மெக்'. ஊரெல்லாம் பயமோ பஞ்சமோ நிலவினால் 'ஹுகும் சுர்மெக்'. நீதிபதி தீர்ப்புச் சொல்வதற்கு 'கரார் வெர்மெக்'. எல்லாவற்றையும் பிரித்து எழுதினேன். ஆறாவது அர்த்தம், ஓர் இடத்தில் ஒருவர் சொல்லே செல்லுபடியாவது. அதற்கு 'ஹுக்மு கெச்மெக்' என்று போட்டேன். வாக்கியத்தையும் எழுதிவிட்டு, யார் யாரிடம் சொன்னது என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். காரணம் இருக்கிறது.

நான் பதினொரு வருஷம் ஒரு துருக்கிச் சரக்குக் கப்பலில் இருந்தவன். ஸ்டோர் கீப்பர் வேலை என்றுதான் வீட்டில் தெரியும். அது பொய் என்று முழுக்கவும் சொல்ல முடியாது, முதல் நான்கு மாதம் ஸ்டோர் கீப்பர்தான். பிறகு கப்பலின் சமையல்காரருக்கு உடம்புக்கு ஆகாமல் ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போய்விட்டார். கேப்டன் எல்லாரையும் நிறுத்தி, யாருக்குச் சமைக்கத் தெரியும் என்று கேட்டார். என் அப்பா இந்த அக்கிரகாரத்தின் கல்யாண சமையல்காரர். ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைக்கும் உருளியை நான் பத்து வயதிலேயே கிண்டியவன். கை தானாக உயர்ந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் என் முன்னால் பாதி ஆடு கிடந்தது.

முட்டையைக்கூடத் தொடாத குடும்பம். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். கேட்டிருந்தால் அந்தக் கணமே போயிருப்பார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன மனைவியிடம் என்னவென்று கடிதம் எழுதுவது? 'சௌக்கியம், ஸ்டோரில் வேலை அதிகம்' என்று எழுதினேன். பதினொரு வருஷமும் அதையே எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்ன என்று என்னைக் கேளுங்கள், அதுவும் சமையல்காரனாக இருந்துகொண்டே மறைத்தவன்.

தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்பார்கள். நான் நக்கவில்லை. பதினொரு வருஷம் ஒரு துளி வாயில் வைத்ததில்லை. வாசனையை வைத்து உப்பு சொல்லுவேன். சந்தேகம் வந்தால் தளத்து வேலையாள் ஒருவரைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டுவேன். அவருடைய புருவத்தைப் பார்த்தே கூடவா குறையவா என்று தெரிந்துவிடும். கர்வம் என்றால் கர்வம்தான். அந்தக் கப்பலில் என் சாப்பாட்டுக்காகவே ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பட்டியலை அனுப்பிய நான்காம் நாள், காலை பதினொரு மணிக்கு வீடியோ அழைப்பு. கூடத்தில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி எதிரே தரையில் அமர்ந்து அமரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். துருக்கி அவளுக்குத் தெரியாது, மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

திரையில் இரண்டு பேர், பதிப்பாசிரியப் பெண்ணும் பேராசிரியையும். ஆள்வதையும் வீற்றிருப்பதையும் எதற்காக இவ்வளவு கறாராகப் பிரிக்கிறீர்கள் என்று பேராசிரியை ஆரம்பித்தார். நான் எங்கள் ஊரையே எடுத்துக்காட்டினேன். இங்கே ராஜா நாட்டைப் பத்மநாப சாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, சாமிக்கு தாசனாக இருந்து காரியம் பார்த்தார். அரியணை சாமிக்கு, அலைச்சல் ராஜாவுக்கு. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் திருவனந்தபுரத்தில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றேன். பேராசிரியை அதைக் குறித்துக்கொண்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஆறாவதில் வந்து நின்றார். "சமையலறையைப் பற்றிய வாக்கியம் கொடுத்திருக்கிறீர்கள். சமையலறைக்கு இவ்வளவு கனமான சொல்லா? யோனெத்மெக் போதுமே. யாராவது நிஜமாக இப்படிச் சொன்னார்களா?"

சமையலறைக்குக் கனம் போதாதாம்! துருக்கியிலேயே கொட்டித் தீர்த்தேன். மனைவிக்குப் புரியாது என்ற தைரியம். ஒரு நாள் பன்னிரண்டு மணிக்குக் கேப்டன் அடுக்களைக்குள் வந்து, பசி தாங்காமல் பானை மூடியைத் திறந்து ருசி பார்த்து, தானே போடலாம் என்று உப்பை அள்ளினார். பெண்ணைப் பெற்றவரே வந்தாலும் அப்பா பாத்திரத்தின் மூடியைத் தொடவிடமாட்டார். அந்தப் பழக்கம், கையிலிருந்த கரண்டி கேப்டனின் புறங்கையில் பட்டென்று விழுந்துவிட்டது. அடுத்த துறைமுகத்தில் என்னை இறக்கிவிடுவார் என்று நின்றேன். அவர் கையைத் தேய்த்துக்கொண்டு சொன்ன வாக்கியம்தான் அது: "கெமியி பென் யோனெத்திரிம், அமா முத்ஃபாக்தா செனின் ஹுக்மூன் கெச்செர்." கப்பலை நடத்துவது நான், ஆனால் அடுக்களையில் செல்லுவது உன் சொல்.

பேராசிரியை சிரித்த சிரிப்பில் அவருடைய கண்ணாடி நழுவியது. "சொல் இருக்கட்டும்," என்றார். ஜெயித்துவிட்டேன்.

அப்போதுதான் பதிப்பாசிரியப் பெண் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு மலையாளத்தில் கேட்டாள்: "அங்கிளே, எனிக்கு ஒந்நும் மனசிலாயில்ல. எழுதணும். ஆரு ஆரோடா இது பறஞ்ஞது?"

யார் யாரிடம் சொன்னது என்ற அந்தச் சட்டம்தான், அதுவும் மனைவிக்குப் புரிகிற மலையாளத்தில். அமரைக்காய் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "கேப்டன் குக்கினோடு பறஞ்ஞதாணு" என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை. வாயைத் திறந்தேன். ஆனால் அந்த வாக்கியத்தை, அந்த அடியை, முகம் தெரியாத எவனோ ஒரு குக்குக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கிரீடம் அது. நுணலும் தன் வாயால் கெடும், தெரியும்.

"என்னோடு," என்றேன். "ஞானாயிருந்நு குக். பதினொந்நு கொல்லம்."

குக், பதினொரு வருஷம் என்று அவள் தட்டச்சு செய்துகொண்டாள். நன்றி சொன்னார்கள், திரை அணைந்தது. அரிவாள்மணைச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"கப்பல்ல குக்கா இருந்தேளா?"

"ஆமா."

"மாம்சமெல்லாமா?"

"ஆமா. மீனும்."

"வாயில வெச்சேளா?"

"அப்பா மேல சத்தியமா இல்லை."

நறுக்கிய காயைக் கையால் கூட்டிக் கூட்டி ஒரே இடத்தில் குவித்தாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பயமாக இருந்ததே இல்லை.

"பின்னே உப்பு எப்படிப் பார்த்தேள்?"

"வாசனையாலதான்."

குவியலிலிருந்து ஒரு நாரைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு தலை நிமிர்ந்து, கல்யாண வீட்டுப் பந்தியைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டாள்:

"சாப்பிட்டவா என்ன சொன்னா? நன்னா இருந்துதுன்னாளா?"

"சட்டியை வழிச்சுச் சாப்பிட்டா. நாட்டுக்குப் போகாம, என் சாப்பாட்டுக்காக இன்னும் ஆறு மாசம் கப்பல்லயே இருந்தவாளும் உண்டு."

அவளுக்குக் கோபம் வந்தது. நான் எதிர்பார்த்த கோபம் இல்லை அது. அமரைக்காய்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை ஒளிச்சு வெப்பாளோ யாராவது! வாயில வெக்காம இத்தனை பேரைக் கட்டிப் போட்டிருக்கேள். நான் என்னடான்னா, இத்தனை வருஷமா, அவர் சும்மா ஸ்டோர்ல உக்காந்திருந்தார்னு ஊரெல்லாம் சொல்லிண்டு நடந்திருக்கேனே!"