ஆர்லோ வண்டியின் பெட்ரோல் முள்

வெர்லின் ஹாக்கிடம் ஒரு வண்டியை விட்டால், சொன்ன வேலையோடு சொல்லாத வேலை ஒன்றும் சேர்ந்து முடிந்திருக்கும். பிரேக் பார்க்கக் கொடுத்தால் கதவு கிறீச்சிடுவது நின்றிருக்கும். விளக்கு மாற்றக் கொடுத்தால் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி புதிதாக இருக்கும். எதற்கு என்று கேட்டால், "கழட்டினேன், கையோட பாத்துட்டேன்" என்பான். அவனுக்குக் கை சும்மா இருக்காது. அவன் மனைவி வெல்மா இறந்துபோன பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது.

அவன் பட்டறைக்கு எதிரே நான் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஊரின் ஒரே பெட்ரோல் பங்க். வடக்கு டகோட்டாவில் இந்த மூலையில் ஒரு ஊர் என்றால் இவ்வளவுதான், கூடவே ஒரு தேவாலயமும் தானியக் கிடங்கும். வெர்லின் தன் பட்டறையின் தகர வளைவுக் கொட்டகைக்குள் இருந்துகொண்டு ஜன்னல் வழியே பங்க்குக்கு வருகிற ஒவ்வொருவனையும் பார்ப்பான். எவன் எத்தனை கேலன் போட்டான் என்று அவனிடம் கேட்டால் தெரியும். ஊர்வம்பு என்று சொன்னால் மட்டும் கோபம் வரும்.

எங்கள் பக்கம் பழைய பிக்கப் வைத்திருக்கும் யாரும் பெட்ரோல் முள்ளை நம்புவதில்லை. டேங்குக்குள் ஒரு மிதவை மிதந்துகொண்டு, எவ்வளவு மிச்சம் என்று முள்ளுக்குச் சொல்லி அனுப்பும். பனி உருக உப்புப் போட்ட சாலைகளில் வருஷக்கணக்கில் ஓடினால் அது துருப்பிடிக்கும், கம்பி வளையும். ஒருத்தன் வண்டியில் முள் எப்போதும் பாதியில் நிற்கும். இன்னொருத்தன் தட்டினால்தான் அசையும். என் வண்டியில் அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். முள் பொய் சொல்வது எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. தினமும் அதே பொய்யைச் சொன்னால் போதும், அதை மனப்பாடம் செய்து காலத்தை ஓட்டிவிடுவோம்.

ஆர்லோ வெய்ஸின் எழுபத்தெட்டாம் வருஷத்துப் பிக்கப் அந்த வகையில் பெயர் போனது. கல்லில் இடித்து டேங்க் நசுங்கியதில் மிதவைக் கம்பி வளைந்துவிட்டது. கால் டேங்க் இருக்கும்போதே முள் அடியில் போய்ப் படுத்துவிடும். ஆர்லோவுக்கு அதில் ஒரு பெருமை.

"மத்தவன் வண்டி முள் படுத்தா நிக்கும். என் வண்டி முள் படுத்த அப்புறம்தான் முழிக்கும். இன்னும் நாப்பது மைல் ஓடும்டா!"

"அது வண்டியாடா? பொய்ப்பெட்டி" என்பான் வெர்லின். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். வாரா வாரம் சீட்டு விளையாடுவார்கள், வாரா வாரம் சண்டை போடுவார்கள். "ஒரு மணி நேரம் குடு, மாத்தித் தரேன்."

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடுவேன். எனக்கும் அதுக்கும் ஒத்துப்போச்சு. உனக்கென்ன எரியுது?"

வெர்லினுக்கு எரியத்தான் செய்தது. சரியாக வேலை செய்யாத எதுவும் அவன் கண்ணில் விழுந்த தூசிதான்.

அந்த ஜனவரியில் டேங்க் ஒழுகுகிறது என்று ஆர்லோ வண்டியைக் கொண்டுவந்து விட்டான். மறுநாள் வெர்லின் சிரித்த முகத்தோடு என் கடைக்குள் நுழைந்தான்.

"பெர்னி, எழுபத்தெட்டு பிக்கப்புக்கு டேங்க் மிதவை இருக்கா?"

"யாரு வண்டிக்கு?"

"ஆர்லோவோடது. டேங்க் கீழ எறங்கியிருக்கு. அந்தக் கோணக்கம்பிய மறுபடி உள்ள போட என் கை வரமாட்டேங்குது."

"அவன் உன் கைய ஒடிப்பேன்னு சொல்லியிருக்கான்."

"சொல்லாமத்தான் போடப்போறேன். நீயும் வாயத் திறக்காத. பங்க்குல அவனே பெட்ரோல் ஊத்தணும், முள்ளு விறுவிறுன்னு மேல ஏறணும், அவன் வாயப் பொளக்கணும். நான் ஜன்னல்ல நின்னு பாக்கணும்."

நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

பொறி பறக்கக் கூடாது என்று பித்தளை உளியால் தட்டித் தட்டி, மிதவையைப் பிடித்திருந்த பூட்டு வளையத்தைக் கழற்றினான். ஓட்டையை அடைத்தான். புது மிதவையை மாட்டுவதற்கு முன் ஒயரைக் கொடுத்துக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தான். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் முள்ளைப் பார்த்துச் சொல்ல. அவன் வெல்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை இருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு, தரையில் படுத்தபடியே முள்ளைப் பார்த்துக்கொண்டான். முள் பிசகவில்லை. டேங்க்கிலிருந்து வடித்து வைத்திருந்த அரை கேன் பெட்ரோலைத் திரும்ப ஊற்றினான். அடிக்கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே முள் நின்றது, உள்ளே இருந்ததும் அவ்வளவுதான்.

ஆர்லோ வந்து வண்டியை எடுத்துப் போனான். முள் அடியில் படுக்காமல் நின்றதால், கால் டேங்காவது இருக்கிறது, ஒழுகியதற்கு வெர்லின் கொஞ்சம் ஊற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் குளிரில் அவன் மனைவி லியோனாவின் கார் கிளம்பவில்லை. அவள் ஸ்ட்ராஸ்டாலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். பிக்கப்பை எடுத்தாள். மாட்டுக் கொட்டகையிலிருந்து ஆர்லோ கத்தினானாம்: "முள்ளப் பாக்காத! இன்னும் நாப்பது மைல் இருக்கு, நீ பாட்டுக்குப் போ!"

ஊருக்குள் வந்தவள் பங்க்கைத் தாண்டிப் போனாள். வெர்லின் ஜன்னலில் நின்றிருந்தான். கை காட்டினாள், அவனும் காட்டினான். தேவாலயத்துக்குத்தான் போகிறாள், அதற்குத் தாராளமாகக் காணும் என்று நினைத்திருக்கிறான். ஓடிப்போய் நிறுத்திச் சொல்லிவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியதாம். ஆனால் அவளிடம் சொன்னால் வீட்டுக்குப் போனதும் ஆர்லோவிடம் சொல்லிவிடுவாள், அவன் வாய் பிளப்பதைப் பார்க்க முடியாது.

மத்தியானம் காற்று கிளம்பியது. விழுந்து கிடந்த பனியெல்லாம் எழுந்து, வண்டியின் மூக்கே தெரியாமல் போயிற்று. லியோனா தங்கை வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாள், வீடு வந்து சேரவில்லை. ஆர்லோ ஊரெல்லாம் போன் அடித்தான். இந்தக் காற்றில் வண்டிகள் சறுக்குவது ஆற்றுப் பாலத்தருகேதான் என்று எல்லோரும் அங்கே ஓடினார்கள். வெர்லின் மட்டும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பி, ஸ்ட்ராஸ்டாலிலிருந்து பழைய பள்ளிக்கூடம் வழியாக வரும் கப்பிச் சாலையில் நேரே போய் நின்றான். அங்கே இருந்தாள்.

எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கும் முன்பே சொல்லித்தரும் பாடம், புயலில் வண்டியை விட்டு இறங்கிப் போகாதே என்பது. லியோனா போகவில்லை. அடையாளத்துக்கு ஆன்டெனாவில் சிவப்புத் துணி கட்ட இறங்கியவள், முடிச்சுப் போடக் கையுறையைக் கழற்றினாள். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் அணைந்த வண்டியில் சூடு ஏது? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். இடது கையில் மூன்று விரல்களின் நுனியை எடுத்துவிட்டார்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். வெர்லின் ஊருக்கே வீரனாகிவிட்டான். கடவுளே அவன் காதில் வழி சொன்னார் என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். ஆர்லோவோ பெண்டாட்டியைக் காலி டேங்க்கோடு புயலுக்கு அனுப்பிய கஞ்சன். அவன் கடைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். லியோனா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாள், அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை போடவில்லை, குறை சொல்லவில்லை. வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வெர்லினுக்கு அவள் கூகன் கொண்டுவந்து கொடுத்தாள். அது பாலும் முட்டையும் பழமும் ஊற்றிச் சுடுகிற இனிப்பு ரொட்டி, எங்கள் வீடுகளில் நல்லது கெட்டது எதுவும் அது இல்லாமல் நடக்காது. அதன் விளிம்பை இரண்டு கை விரல்களாலும் கிள்ளிக் கிள்ளி எழுப்ப வேண்டும். லியோனாவின் விளிம்பு அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் என்று பெயர். இப்போது ஒரு பாதி எழுந்தும் மறுபாதி சரிந்தும் இருந்தது.

"என் உசுரத் திருப்பிக் குடுத்தவனுக்கு வேற என்ன குடுப்பேன்?" என்று அவன் கையில் வைப்பாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே வாங்குவான். கூச்சம் என்று ஊர் நினைத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எனக்கல்லவா தெரியும்!

முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையோடு போயிருக்கும். ஆஸ்பத்திரியில் சொல்ல வாய் வரவில்லை. பிறகு பாராட்டினார்கள், பாராட்டப் பாராட்டச் சொல்வது இன்னும் கடினமாயிற்று. நானும் அவனே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு நாள், நான் பட்டறையில் இருந்தபோது ஆர்லோ வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். சட்டைப் பித்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"ஒண்ணு கேக்கணும்டா. அன்னைக்கு நீ அடைச்ச ஓட்டை மறுபடி ஒழுகியிருக்குமோ?"

வெர்லின் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஒழுகல. நான் பாத்தேன்."

"நீ அடைச்சா ஒழுகாதுன்னு எனக்கும் தெரியும். சும்மா கேட்டேன்." ஆர்லோ வாசல்வரை போய்த் திரும்பினான். "அப்போ நான்தான் தப்புக் கணக்குப் போட்டிருக்கேன். முள்ளப் பாக்காதன்னு நான்தானே கத்தினேன்."

அவன் வண்டி சத்தம் மறையும்வரை பொறுத்தேன். பிறகு எனக்கு வந்ததே கோபம்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா வெர்லின்? அவனே வந்து வாசக்கதவத் திறந்து விடுறான், நீ ஸ்பேனரத் தொடைக்கிற!"

"சொல்லணும்னுதான்..."

"எப்போ? அவன் தூக்குல தொங்கின பிறகா? நாளைக்குள்ள நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அவன் மூலையிலிருந்த பெரிய ஃப்ரீசரைத் திறந்து காட்டினான். வேட்டைக் கறி வைக்கும் ஃப்ரீசர். உள்ளே கூகன், ஒன்றின்மேல் ஒன்றாக, லியோனா கொடுத்த தட்டுகளோடு அப்படியே. ஒன்றைக்கூட வெட்டவில்லை.

"வாயில வைக்க முடியல பெர்னி" என்றான். அறுபது வயது ஆள் ஃப்ரீசர் மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் கோபம் குறையவில்லை.

மறுநாள் காலை என் வண்டியை எடுக்கச் சொன்னான். வழியில் ஆர்லோவையும் ஏற்றச் சொன்னான். "ரெண்டு தடவ சொல்ல எனக்குத் தெம்பில்ல." விஷயம் தெரியாத ஆர்லோ நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, லியோனா கூப்பிட்டாளா, நல்லபடியாகப் பேசினாளா என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன்.

ஸ்ட்ராஸ்டாலில் தங்கை காபி ஊற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெர்லின் கோட்டுப் பையிலிருந்து வளைந்த கம்பியோடு பழைய மிதவையை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இது ஆர்லோ வண்டியோடது. டேங்க் கீழ இருந்தப்போ கழட்டிட்டுப் புதுசு போட்டேன். யார்கிட்டயும் சொல்லல. முள் படுத்தப்போ நெசமாவே காலி. எவ்ளோ ஊத்தினேன்னு எனக்குத் தெரியும், அதான் எங்க நின்னிருக்கும்னும் தெரிஞ்சுது. கடவுள் ஒண்ணும் சொல்லல."

ஆர்லோ நாற்காலி விழ எழுந்தான். முஷ்டி ஓங்கியது. பிறகு அந்தக் கை தானாக இறங்கியது. அவன் நின்ற இடத்திலேயே, "நான் இல்லியா? அப்போ நான் இல்லியா?" என்று கேட்டான். வெர்லினை அல்ல, லியோனாவைப் பார்த்து.

லியோனா வெர்லினிடம் திரும்பினாள். "நான் பங்க்கத் தாண்டிப் போனப்போ நீ ஜன்னல்ல நின்ன."

"ஆமா."

"கை காட்டின."

"ஆமா."

"அந்தக் கையக் காட்டி நிறுத்தியிருக்கலாம்."

"ஆமா லியோனா."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் மிதவையை எடுத்து, குட்டை விரல்களால் கம்பியின் வளைவைத் தடவிப் பார்த்தாள். "கூகன் எப்படி இருந்துது?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூடச் சாப்பிடல. எல்லாம் ஃப்ரீசர்ல இருக்கு."

"சாப்பிடு" என்றாள். குரலில் கனிவு இல்லை. "அது நீ தேடி வந்ததுக்குக் குடுத்தது. நீ தேடி வந்தது பொய்யில்ல. மத்ததுக்கு உனக்கு என்ன குடுக்கணும்னு நான் இன்னும் யோசிக்கல."

பிறகு எழுந்து ஆர்லோவின் சட்டையைப் பார்த்தாள், பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். ஒரு கையால் போட்டதால் நேரமாயிற்று. "கோட்ட எடு. வீட்டுக்குப் போலாம்."

என் வண்டியில் முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். யாரும் சொல்லாமலே வெர்லின் பின்னால் திறந்த தொட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். மார்ச் மாதக் காற்று. ஊர்வரை அவன் தலை குனிந்தே இருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். லியோனாவும் பார்த்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

பங்க் வந்ததும், "முதல்ல பெட்ரோல் போடு பெர்னி" என்று மட்டும் சொன்னாள்.

நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெர்லின் இறங்கிப் பட்டறைக்குள் போனான். அவன் பார்த்துக்கொண்டு நிற்கும் அதே ஜன்னல் வழியே இப்போது நாங்கள் அவனைப் பார்த்தோம். ஃப்ரீசரைத் திறந்து ஒரு தட்டை வெளியே எடுத்தான். பனிக்கட்டியாய் இறுகியிருந்ததைக் கத்தியால் அறுத்தான். சரிந்து போன பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, நின்றபடியே தின்னத் தொடங்கினான்.