இடது சில்லின் சூடு

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருந்த எங்கள் கராஜுக்கு நான் புதுப் பூட்டுப் போட்டது ஒரு வியாழக்கிழமை. பழைய பூட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதற்கு இரண்டு திறப்புகள். ஒன்று என்னிடம், மற்றது என்னோடு சேர்ந்து வேலை செய்த மன்னார்க்காரரிடம். அவரிடம் இருந்த திறப்புக்காகத்தான் பூட்டை மாற்றினேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கடவுளுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கு மறைத்து என்ன வரப்போகிறது.

அந்தக் கராஜுக்குள் நின்றது ஒரு ஆமி ட்ரெயிலர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இந்த நாட்டு ராணுவம் பாவித்துக் கழித்த சாமான்களை விற்கும் யார்டுகள் லண்டனுக்கு வெளியே இருந்தன. நான் பாண் சுடும் பேக்டரியில் ஷிப்ட் வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் சனங்களின் கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்குக் கொடுத்து வந்தேன். பள்ளிக்கூட மண்டபங்களில்தான் அப்போது கலியாணங்கள். மணவறைப் பலகைகள், தூண்கள், குத்துவிளக்கு, சோற்றுக் கிடாரங்கள் எல்லாவற்றையும் பழைய வானுக்குள் திணித்து இரண்டு மூன்று தரம் ஓட வேண்டியிருந்தது. மன்னார்க்காரர் ஊரில் லொறி கராஜில் நின்றவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கத்தோலிக்க வேதக்காரர். அவர்தான் சொன்னார்: "அண்ணை, ஆமி ட்ரெயிலர் ஒண்டு எடுப்பம். இரும்பு உருக்கு மாதிரி இருக்கும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

யார்டில் இருந்த வெள்ளைக்காரன் எதற்கு என்று கேட்டான். கலியாணத்துக்கு என்றேன். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பச்சை நிறத்தோடு இரண்டு நாள் அது எங்கள் வீட்டு வாசலில் நின்றது. மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரோ? உதுக்குப் பயந்துதானே பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்து வாசல்ல கொண்டுவந்து விட்டிருக்கிறியள்."

"இது வேற ஆமி."

"ஆமியில என்ன வேற ஆமி?"

முன் வீட்டுக் கிழவி யன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். இரண்டாம் நாள் ஒரு பொலிஸ்காரர் வந்தார். தார்ப்பாயைத் தூக்கிக் காட்டச் சொன்னார். உள்ளே முதல் நாள் ஏற்றி வைத்த கிடாரங்கள். ஒன்றின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். சோறு காய்ச்சுவது என்று சொன்னேன். எத்தனை பேருக்கு என்று கேட்டார். முந்நூறு என்றேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு என்னில் கூடுதலான சந்தேகம் வந்தது போலத் தெரிந்தது.

வேலையை மன்னார்க்காரர் ஒழுங்காகத் தொடங்கினார். முன்னால் இருந்த பெரிய இரும்பு வளையத்தை அறுத்துவிட்டு, எங்கள் வானின் உருண்டையைக் கவ்வுகிற பிடியை வைத்துப் பூட்டினார். ராணுவத்தின் லைட்டுகள் இருபத்துநான்கு வோல்ட், எங்கள் வான் பன்னிரண்டு. பழைய பல்புகள் அணையப்போகும் திரி போலத்தான் எரிந்தன. வயர்களையும் மாற்றினார். பெயரிங்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிறீஸ் வைத்தார். நான் பச்சையைச் சுரண்டி நீலம் அடித்தேன். சுரண்டும்போதுதான் தரைத் தகட்டில் அந்த நாலு ஓட்டைகளைக் கண்டேன். விரல் நுனி அளவு, ஒரே வரிசை, ஒவ்வொன்றும் கவனமாக அடைக்கப்பட்டிருந்தது.

"ரேடியோப் பெட்டி பூட்டின ஓட்டையள் அண்ணை," என்றார் அவர்.

"பெட்டி பூட்டின ஓட்டையை ஏன் இவ்வளவு வடிவா அடைக்கிறாங்கள்?"

"தண்ணி போகாமல் இருக்கத்தான்."

நான் நம்பவில்லை. குண்டு பட்ட ஓட்டைகள் என்றே நினைத்தேன். இதில் எதை ஏற்றினார்களோ, யாரை ஏற்றினார்களோ, அதில் நான் மணவறையை ஏற்றப் போகிறேன். பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்கப்போகிற பலகை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்த செப்புத் தகடு ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி, ட்ரெயிலருக்கு அடியில் ஓடுகிற கம்பி ஒன்றில், யாரும் காணாத இடத்தில் கட்டினேன். மனைவிக்கும் சொல்லவில்லை. அவருக்கும் சொல்லவில்லை. வேதக்காரர், சிரிப்பார் என்று நினைத்தேன். கட்டியதோடு மனம் ஆறிவிட்டது. பிறகு அதைப்பற்றி நான் யோசிக்கவே இல்லை.

தூரம் ஓடினால் இடையில் நிறுத்தி, சில்லின் நடுக் குடத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்போம். பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. இளஞ்சூடு என்றால் சரி, கை வைக்க ஏலாத சூடு என்றால் பெயரிங் போகிறது, அல்லது பிரேக் பிடித்தபடி நிற்கிறது. அந்த மாரியில் இடது சில்லு சுடத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. ஒரு கிழமை சுடும், மறு கிழமை குளிர்ந்து கிடக்கும். அவர் பெயரிங்கை மாற்றினார். திரும்பவும் சுட்டது.

"விளங்குதில்லை அண்ணை," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு காலை, தேவாரப் புத்தகத்தை வானுக்குள் விட்டுவிட்டேன் என்று எடுக்கப் போனேன். அந்த நேரம் அவர் பூசையில் இருக்க வேண்டும். அவர்களும் பூசை என்றுதான் சொல்வார்கள். கராஜ் கதவு அரைவாசி திறந்திருந்தது. கோயிலுக்குப் போடுகிற நல்ல காற்சட்டையோடு ட்ரெயிலரின் இடது பக்கத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். முழங்கை வரை உள்ளே விட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி எதையோ பொக்கெற்றுக்குள் வைத்தார்.

"என்ன தம்பி, பூசை இல்லையோ?"

"போகத்தான் அண்ணை. சும்மா ஒருக்கா எட்டிப் பாத்தனான்."

நல்ல காற்சட்டையோடு ஒருவன் சும்மா எண்ணெய்த் தரையில் படுப்பானா? அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அதே கண்ணால்தான். அவர் கைதுடைக்கிற துணியை மடித்து வைத்தால், அதற்குள் என்ன என்று பார்ப்பேன். ஒரு நாள் கொழுவியிருந்த அவருடைய ஜக்கெற்றில் யார்டின் விற்பனைத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு ட்ரெயிலரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. எல்லாம் விளங்கியது என்று நினைத்தேன். தனியாக ஒன்று வாங்கப் போகிறார். அதுவரை என்னுடையதைப் பழுதாக்கி என் பெயரைக் கெடுக்கிறார். அந்த வியாழக்கிழமை பூட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். "அண்ணை, திறப்புப் போகுதில்லை. பூட்டுப் பழுதாப் போச்சோ?"

"ஓம் தம்பி. புதுசு போட்டனான். உமக்கு ஒரு திறப்பு வெட்டித் தாறன்."

"என்ர ஆயுதப் பெட்டி உள்ளுக்கை கிடக்கு."

"தாறன், தாறன்."

கொடுக்கவில்லை. ஸ்பானரும் சுத்தியலும் கிடந்த அந்தப் பெட்டியில்தான் அவருடைய பிழைப்பு. இந்த நாட்டில் அவர் பார்த்த வேலை போன பிறகு அங்கே இங்கே வான் திருத்தித்தான் குடும்பத்தைப் பார்த்தார். அதுவும் எனக்குத் தெரியும். மூன்று கிழமை போனது. அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

நாலாம் கிழமை பிளேஸ்டோவில் ஒரு கலியாணம். நான் தனிய வெளிக்கிட்டேன். விடியலில் இருந்தே மழை. தேம்ஸுக்கு அடியால் போகிற சுரங்கப் பாதைக்குக் கிட்ட வரும்போது கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கத்தில் மெல்லிய புகை. அருகில் இருந்த பெட்ரோல் செட்டுக்குள் திருப்பி நிறுத்திப் புறங்கையை வைத்தேன். தோல் பொசுங்கிய மாதிரி இருந்தது. மேலே பலகையும் பட்டுத்துணியும். முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம். சுரங்கத்துக்குள் போய் நெருப்புப் பிடித்தால்? பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டு மழைத் தண்ணீரில் படுத்து உள்ளே பார்த்தேன்.

பிரேக் கம்பி இரண்டாகப் பிரிந்து இரண்டு சில்லுக்கும் போகும். ஒவ்வொரு கம்பியும் ஒரு சின்ன வளையத்துக்குள்ளால் நுழைந்து ஓடும். இடது பக்க வளையத்துக்குள் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. நான் கட்டிய பொட்டலம். ஓட்டத்தின் குலுக்கலில் கம்பி வழியே சறுக்கி, மழையில் ஊதி, வளையத்துக்குள் ஆப்புப் போல இறங்கியிருந்தது. பிரேக் மிதித்தால் பிடிக்கும், பிறகு விடாது. சாமியின் பொருள் சில்லைப் பிடித்து வைக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

இழுத்து எடுத்தேன். எடுத்த பிறகுதான் கண்டேன். துணி என்னுடையது இல்லை. நான் சுற்றியது பழைய வேட்டித் துண்டு. இது புதுத் துணி, மஞ்சள் இன்னும் வெளிறவில்லை. ஓரம் மடித்து, மெல்லிய கம்பியால் வரிந்து கட்டியிருந்தது. மேலே, மழை படாமல் இருக்க, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு துண்டு; வளையத்தில் உரஞ்சி அது ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே என் தகடு அப்படியே இருந்தது, துடைத்த தகடு. அப்படி வரிந்து கட்டுகிற கையை எனக்குத் தெரியும்.

மழைக்குள் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பெட்ரோல் செட்டுப் பெடியன் வந்து, "ஆர் யூ ஓகே, அங்கிள்?" என்று கேட்டான். தகட்டைச் சட்டைப்பைக்குள் வைத்து, சில்லு ஆறும் வரை நின்று, போய் மணவறையைப் பூட்டினேன். தாலி கட்டும்போது மேளம் கேட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொல்லலாம்.

மறுநாள் ஞாயிறு. அவருடைய கோயில் வாசலில் பூசை முடியும் வரை நின்றேன். மனைவி பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு வந்தார்.

"என்ன அண்ணை, எங்கட பூசைக்கு வந்தனீங்களோ?"

"உம்மட ஆயுதப் பெட்டி வானுக்குள்ள இருக்கு."

"அப்ப பூட்டுத் திருந்திட்டுது."

"பூட்டுப் பழுதாகேல்லைத் தம்பி."

"தெரியும் அண்ணை."

தகட்டை எடுத்துக் காட்டினேன். "இதை எப்ப கண்டனீர்?"

"மாரிக்குள்ள. ரெண்டாந்தரம் சுட்ட பிறகு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒளிச்சு வைச்ச சாமானை நான் எப்பிடி உங்களுக்கு எடுத்துச் சொல்லுறது?"

"வேற இடத்தில கட்டியிருக்கலாமே."

"அது உங்கட சாமி. வைச்ச இடத்தால எடுத்தால் சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு மேல தள்ளிக் கட்டிவிடுவன். அண்டைக்கும் அதுதான், பொக்கெற்றில வைச்சது கட்டுக் கம்பி. சில கிழமை வர ஏலாமல் போயிடும், அப்பதான் சுடும். ஒருக்காக் கேப்பம் எண்டு வாயெடுத்தனான். நீங்கள் பாத்த பார்வையில விட்டிட்டன்."

"அந்தத் தாளில வட்டம்?"

"பாத்திட்டியளோ அதையும்!" முதல் தரமாகச் சிரித்தார். "அது உடைச்சுச் சாமானாய் விக்கிறது. அதில பிரேக் கம்பி ஓடுற வளையம் பெரிசு. கழட்டி இதுக்குப் போட்டால் பொட்டலம் இறுகாமல் போய்வரும் எண்டு நினைச்சன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தகட்டைப் பார்த்துக்கொண்டே, "மஞ்சள் துணி எங்கால எடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"மனுசி மஞ்சள்ல தோய்ச்சுத் தந்தவ. கறிச்சட்டியில இல்லை அண்ணை, புதுப் பாத்திரத்தில."

புதுத் திறப்பை நீட்டினேன். அவர் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டார். "திறப்பை நீங்களே வைச்சிருங்கோ. நான் சனிக்கிழமையள்ல வாறன். கதவைத் திறந்து விட்டால் போதும்."

சொன்னபடி வந்தார். ட்ரெயிலரின் முன் பலகையில், உள்பக்கமாக, தகட்டுக்கு இடம் பார்த்தோம். துளை போடுவதற்கு முன் துரப்பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கு மச்ச மாமிசம் சாப்பிடேல்லை அண்ணை. போடலாமோ?"

"போடும் தம்பி," என்றேன்.

அதற்குப் பிறகு அந்தச் சில்லு சுடவில்லை. வேறு ஆட்களுக்கும் ஐந்தாறு ஆமி ட்ரெயிலர்களைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் அடைத்த ஓட்டைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே நாலு, அதே வரிசை. ரேடியோப் பெட்டிதான். இன்னும் இரண்டு மூன்று தரம் திறப்பை அவருக்கு முன்னால் மேசையில் வைத்துப் பார்த்தேன். அவர் தன் ஸ்பானர்களை எடுத்தார், என் திறப்பை எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் வருவதற்கு முந்தியே போய்க் கதவைத் திறந்துவிட்டு, றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.