அழைப்பவர் பெயர்

கந்தர்வக்கோட்டையில் நான் நடத்தும் டிடிபி கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அந்த ஒரு வீட்டுக்குள் மூன்று குடித்தனம். வெளியே லினக்ஸ், உள்ளே வெர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டரில், ஒரு பழைய விண்டோஸ், ஒரு புது விண்டோஸ். கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே வேண்டும் என்பார்கள். அந்தக் காலத்து எழுத்துரு பழைய விண்டோஸில்தான் ஒழுங்காகத் தெரியும். அச்சகத்துக்காரருக்கோ புதியதில் செய்த பிடிஎஃப் வேண்டும். நடுவில் கிடந்து நான் லோல்படுகிறேன். ஒன்றுக்குத் தெரிகிற பென்டிரைவ் இன்னொன்றுக்குத் தெரியாது. மவுஸ் ஒன்றுக்குள் போய் மாட்டிக்கொண்டு வெளியே வராது. எல்லாவற்றையும் தூக்கிக் குளத்தில் போடலாமா என்று தினமும் தோன்றும்.

வருகிற பென்டிரைவில் வைரஸ் இல்லாத நாள் கிடையாது. அதனால் கடை அடைக்குமுன் பழைய விண்டோஸை, அது சுத்தமாக இருந்தபோது சேமித்துவைத்த நிலைக்கே திருப்பிவிடுவேன். அன்று அதற்குள் செய்த வேலையெல்லாம் போய்விடும். வேண்டியதை முன்னாலேயே லினக்ஸ் பக்கம் நகல் எடுத்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான்.

போன வைகாசியில் ஒரு பத்திரிகை வந்தது. மணப்பெண்ணுக்கு அப்பா இல்லை. பெரியப்பா வந்து, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தன் பெயரைப் போடச் சொன்னார். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். கணவரை இழந்தவர் பெயரில் அழைப்பதில்லை. அப்படியே போட்டு லினக்ஸ் பக்கம் நகலும் எடுத்துவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அம்மா தனியாக பஸ் ஏறி வந்தார். முந்திரிக்காட்டு வேலைக்குப் போய் மகளை நர்சுக்குப் படிக்கவைத்தவர். வீட்டில் பெரிய சண்டை நடந்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்களாம்.

"எம் பேரு வரணும் தம்பி. ஊரைக் கூப்புடப்போறது நான்தான்."

பழைய விண்டோஸில் திறந்து சந்தோஷமாகவே மாற்றினேன். திரையில் விரல் வைத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுப் போனார். அதன்பின் ஆதார் நகலுக்கு ஆள் வந்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது, மவுஸ் வழக்கம்போல் மாட்டிக்கொண்டது. அடைக்கும்போது எரிச்சலில், கைப்பழக்கத்தில், பழைய நிலைக்குத் திருப்பிவிட்டேன். நகல் எடுக்கவில்லை. மறுநாள் லினக்ஸ் பக்கம் இருந்த ஃபைலை எடுத்து வேலையை முடித்து அச்சகத்துக்கு அனுப்பினேன்.

பத்திரிகைக் கட்டை வாங்க வந்த பெண்ணின் அம்மா அதைப் பிரித்துப் பார்த்தார். பழையபடி போடச் சொல்லிப் பெரியப்பா எனக்கு போன் போட்டாரா என்று கேட்டார். பதறிப்போனேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதைத் தினமும் பழைய நாளுக்குத் திருப்பிவிடுவேன் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது.

"வீட்ல சண்டை போட்டுட்டு வந்தேன். இங்கிட்டும் போடணும்னு தெரியாது தம்பி" என்றார்.

என் செலவிலேயே மறுபடி அடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார், நம்பினாரா என்று தெரியவில்லை. இன்றுவரை கேட்பவர்களிடமெல்லாம் அந்தப் பாழாய்ப்போன மெஷினைத்தான் திட்டுகிறேன். ஆனால் அச்சுக்கு அனுப்புமுன் பத்திரிகையை இரண்டு முறை படித்தவன் நான். தாய்மாமன் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதைக்கூடப் பிடித்துத் திருத்தினேன். அழைப்பவர் இடத்தில் பெரியப்பா பெயர் இருந்தது மட்டும் எனக்குத் தவறாகவே படவில்லை.