மாமா பெயர் எழுதிய பாறை

என் தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்தத் திருச்செந்தூருக்கு வேன் பிடித்தபோது எனக்கு எட்டு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து பதினான்கு பேர் கிளம்பினோம். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் என் அப்பா, இன்னொருவர் அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா.

காரணம் ஒரு கல். அப்பாவின் புஞ்சைக்கும் மாமாவின் புஞ்சைக்கும் நடுவே ஊன்றியிருந்த எல்லைக்கல் ஒரு சாண் எங்கள் பக்கம் வந்துவிட்டது. கரிசல் மண் மழைக்கு உப்பிக்கொள்ளும், கோடைக்குக் கால் நுழைகிற அளவு வெடிக்கும். அதில் ஊன்றிய கல் ஊன்றிய இடத்திலேயே நின்றால்தான் அதிசயம். இது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சொந்தக் கல் நகர்ந்தால் மட்டும் யாருக்கும் மண் நினைவுக்கு வராது, பக்கத்துப் புஞ்சைக்காரன்தான் நினைவுக்கு வருவான். மாமாதான் நகர்த்திவிட்டார் என்று அப்பா டீக்கடையில் சொன்னார். அது மாமா காதுக்குப் போனது. அதோடு சரி.

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது என்பதால் தம்பியின் காது ஒரு வருடம் காத்திருந்தது. இடையில் கிடந்து அல்லாடியவள் அம்மா. கடைசியில் அவளே மாமா வீட்டு வாசலில் போய் நின்று அழுதாள். மடியில் வைத்துக்கொள்வேன், முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன் என்ற பேச்சோடுதான் மாமா வேனில் ஏறினார். அவர் வாங்கி வந்த கடம்பூர் போளியை அப்பா தொடவில்லை, பல்வலி என்றார். அப்பாவுக்குப் பல்வலி வந்து நான் பார்த்ததே இல்லை.

மொட்டையும் காதுகுத்தும் அழுகையோடு நல்லபடியாக நடந்தன. தம்பி தன் பங்குக்கு மாமாவின் புதுவேட்டியை நனைத்துவிட்டான். எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார், ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

வேட்டியை அலச மாமா கடலுக்குப் போனார், பின்னாலேயே எல்லோரும் போனோம். அங்கே பாறைகள் கிடக்கும் இடத்தில் மாமாவுக்கு ஒரு சொத்து இருந்தது. மாமா தீப்பெட்டி ஆபீசில் பண்டல்களுக்கு மேல் விலாசம் எழுதுகிறவர். போகிற ஊரில் எல்லாம் தன் பெயரை எழுதாவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குக் காது குத்த வந்தபோது, அலை வந்து தொடும் ஒரு பாறையின் பக்கவாட்டில் பச்சைப் பெயிண்டால் பெயரும் ஊரும் எழுதி வைத்திருந்தார். வில்வண்டி அளவு பாறை.

அது அங்கே இல்லை. இருபது எட்டு மேலே, காய்ந்த மணலில் கிடந்தது. சிப்பி அப்பிய அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க, மாமாவின் பெயர் தலைகீழாகத் தொங்கியது.

"எவம்ல எங் கல்ல நகத்துனது?" என்று கேட்ட மாமாவின் பார்வை, பழக்கதோஷத்தில், நேராக அப்பாவிடம்தான் போனது.

சங்குமாலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா சிரித்துவிட்டாள். "மனுசன் யாரும் தொடல அண்ணாச்சி. ஐப்பசிப் புயல்ல கடல்தான் பொரட்டிப் போட்டுச்சி. ஒரு அலை அடியில பூந்து தூக்குச்சி, பொறத்தால வந்தது கவுத்திருச்சி."

தண்ணீருக்கு ஏது இவ்வளவு பலம் என்று மாமா நம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையைத் தள்ளினார். அது அசையவில்லை. டிரைவரைக் கூப்பிட்டார், சித்தப்பாவைக் கூப்பிட்டார். நானும் ஓடிப்போய் ஒரு மூலையில் கை வைத்தேன். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். கிணறு வெட்டும்போது வரும் கல்லைப் புரட்டிப் பழகியவருக்கு, ஆளுக்கொரு பக்கம் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தம்பியை அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் தோளை முட்டுக் கொடுத்தார். ஐலசா போட்டோம். கால்கள்தான் மணலுக்குள் இறங்கின. மாமா வழுக்கி விழ, அவர் மேல் அப்பா விழ, டிரைவர் சிரித்த சிரிப்பில் எல்லோரும் கையை விட்டுவிட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் சிரித்ததில்லை.

மணலில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு மாமா கேட்டார்.

"ஏன் மாப்ள, இத்தாந்தண்டிப் பாறைய தண்ணி நகத்துமா?"

அப்பா வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"தண்ணியும் நகத்தும், மண்ணும் நகத்தும் மச்சான். நாந்தான் டீக்கடைல வாய விட்டுட்டேன்."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். தம்பியின் மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா. இன்னும் ரெண்டு பேரு வந்தாப் பாறை நகந்துரும்."