பண்ணாடி கார் ஒழுகிய கதை

காரில் தண்ணீர் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒழுகினால் அடைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கு ஏன் இந்த மனுஷன் இப்படிக் குதிக்கிறான் என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு எங்கள் பண்ணாடியைத் தெரியாது.

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிப் பக்கம், தோப்பும் வயலுமாக வாழ்ந்த பண்ணைக்காரர் அவர். நான் அவருடைய கார் டிரைவர். அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், உதிரிச் சாமானுக்கு அலைச்சல். மலைக்கு ரோடு கிடையாது. மலைமேலிருக்கும் குண்டூர் நாடோ பெரக்கரை நாடோ, மிளகு மூட்டையானாலும் நோயாளியானாலும் ஆள் தோளில்தான் இறங்க வேண்டும். இறங்கி வந்தால் அந்தப் பக்கத்துக்கே ஒரு கார்தான், எங்கள் பண்ணாடியுடையது. அதுவும் ஒழுகும்.

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க அவர் என்னை விட்டதே இல்லை. அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. ராகி மாவைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றச் சொல்வார். மாவு போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். "நம்மூட்டு ராகிடா, இரும்பையே புடிச்சு நிறுத்தும்" என்பார். ஒரு காரைக் களிப் பானையாக்கிவிட்டு அதில் ஒரு பெருமை வேறு.

என் பெண்டாட்டிக்குப் பிரசவம் கைமீறிப் போன அன்று அவர் வாசலில் போய் நின்றேன். "வண்டி ஒழுவுதுடா. வழியில நின்னா இஞ்சினே போயிரும்" என்றார். மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சேந்தமங்கலம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுவாரம் அதே காரில் அவர் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனார், ஓட்டியவன் நான். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி செத்தால் புருஷன் இடுப்பிலிருக்கும் அரைஞாண் கயிற்றை அறுத்துவிடுவார்கள். எனக்கும் அறுத்தார்கள். பிறகு புதுசு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் கட்டவில்லை. வேலையையும் விடவில்லை. வேறு பிழைப்பு தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் கோர்ட்டு வேலையாக அவர் நாமக்கல் கிளம்பினார். குண்டூர் நாட்டிலிருந்து ஒரு பெண்ணைத் தூளி கட்டிச் சுமந்து வந்து எங்கள் கார் முன்னால் இறக்கினார்கள். தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. அவள் புருஷன் ஓடிவந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். "ஏனுங்க சாமி, ஆசுபத்திரி வரைக்கும் ஏத்திக்குங்க."

பண்ணாடி வாயைத் திறப்பதற்குள் நான் பின்கதவைத் திறந்துவிட்டேன். அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். புருஷன் அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு பின்னால் ஏறினான்.

பாதி வழிகூடப் போகவில்லை. ஆவி பறந்து இஞ்சின் திணறி நின்றது.

"மாவு கம்மியாப் போட்டுட்டயாட்ட இருக்குது. எந்த ஊட்டுலயாச்சும் கொஞ்சம் வாங்கிட்டு வா" என்றார் பண்ணாடி. பின்னால் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். "பேசாம உக்காருங்க" என்றேன். 'பண்ணாடி' என்ற சொல் இல்லாமல் அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்தால் தண்ணீரா வந்தது? களிதான் வந்தது. சூடு தணியக் காத்திருந்து, சாலையோரக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்து கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். இஞ்சின் முழுக்க ஈரம். ஓடும்போதுதான் அது ஒழுகும். ஒழுகுவதையும் காற்றாடி எல்லாப் பக்கமும் வாரி இறைத்துவிடும். அப்புறம் ஓட்டை எங்கே என்று எப்படித் தெரியும்? துண்டால் ஒட்டத் துடைத்தேன். பண்ணாடி மடியிலிருந்த திருநீற்றுப் பையைக் கேட்காமலே எடுத்து, சந்தேகப்பட்ட இடமெல்லாம் தூவினேன். "டேய், சாமி துண்ணூறுடா!" என்று கத்தினார். கத்தட்டும். கைப்பிடியைப் போட்டு இஞ்சினைச் சுற்றிக் கிளப்பினேன். ரேடியேட்டர் மேல் தூவின திருநீறு வெள்ளையாகவே இருந்தது. காற்றாடிக்குப் பின்னால், தண்ணீர் பம்பின் நட்டு ஓரம் மட்டும் நனைந்து கறுத்தது.

நட்டைக் கழற்றினேன். சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயில் ஊறின நூல்கயிறு இருக்க வேண்டும், அதுதான் தண்ணீரை நிறுத்தும். அது மக்கிக் கரிப்பிசுக்காக இருந்தது. இவ்வளவு காலமும் ஒழுகினது இங்கே, மாவு கொட்டினது அங்கே! துண்டைக் கிழித்து முறுக்கிச் சுற்றிப் பார்த்தேன். தண்டு ஓடின ஓட்டத்தில் நார்நாராகப் பிய்ந்து வந்தது. நல்ல முறுக்குக் கயிறு வேண்டும். பண்ணாடி இடுப்பில் இருந்தது வெள்ளி அரைஞாண். அதை வைத்து நாக்கு வழிக்கவா? என் இடுப்பில் ஒன்றுமில்லை.

புருஷன் இடுப்பில் இருந்தது. கறுப்பு நூல்கயிறு, எண்ணெயும் வேர்வையும் ஏறித் திண்ணென்று இருந்தது.

"அறுத்துக் குடு தம்பி" என்றேன்.

அவன் இடுப்பைக் கையால் மூடிக்கொண்டான். "அது அறுக்கப்படாதுங்க. அவ உசுரோட இருக்கறப்ப அறுக்கலாமுங்களா?"

"ஆமாடா, அறுக்கப்படாது, அபசகுனம்" என்றார் பண்ணாடி. அந்த வாயில் அப்படியே ஸ்பேனரால் போட வேண்டும் போலிருந்தது. புருஷன் மேலும் கோபம்தான். ஆனால் அவனை என்ன சொல்ல? அன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நான் மட்டும் அறுத்துக் கொடுத்திருப்பேனா?

பின்சீட்டிலிருந்து அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். கண்ணில் அப்படி ஒரு ஆத்திரம்.

"நான் இன்னும் சாவல மாமா. இப்பவே அறுத்துக் குடுத்துரு. அப்பறம் ஆராச்சும் அறுக்க வந்தா, உன்ற இடுப்புல கவுறே இருக்கப்படாது."

அவன் அழுதுகொண்டே கொடுவாளை எடுத்து அறுத்தான். அவள் வயிற்றில் தடவக் கொண்டுவந்த விளக்கெண்ணெயில் கயிற்றை வேண்டிய மட்டும் நறுக்கி நனைத்து, தண்டைச் சுற்றி இறுக்கி, நட்டைப் பூட்டினேன். தண்ணீர் ஊற்றிக் கிளப்பினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாமக்கல் வரைக்கும் ஒழுகவில்லை.

ஆசுபத்திரி வாசலில் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஆயா வெளியே வந்து, "அந்தப் புள்ளையோட ஊட்டுக்காரர் ஆருங்க?" என்று கேட்டாள். அவன் கை தானாக இடுப்புக்குப் போய், அங்கே கயிறு இல்லாமல் துழாவியது. "பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு உசுரும் நல்லாருக்குது" என்றாள். அவன் உள்ளே ஓடினான்.

கோர்ட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்த பண்ணாடி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "பாத்தயா? ராகி மாவு உள்ள ஒட்டியிருந்ததுனாலதான்டா வண்டி இத்தன தூரம் வந்துச்சு."

இஞ்சின் சுற்றும் கைப்பிடியை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தேன். டேய், டேய் என்று கூப்பிட்டார். திரும்பவில்லை.

மீந்த கயிற்றை அந்தப் புருஷன் என் கையிலேயே விட்டுவிட்டிருந்தான். சேந்தமங்கலம் ரோட்டில் வந்தபோதுதான் அதைப் பிரித்துப் பார்த்தேன். ஏறக்குறைய முழுக் கயிறும் அப்படியே இருந்தது. அந்த நட்டுக்குச் செலவானது ஒரு சாண்தான். அந்த ஒரு சாண் கயிறு இல்லாமல்தான் என் கயிற்றை அறுத்தார்கள்.