கதவுக்குள் தேங்கிய தண்ணீர்

குழாய்க்காரர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஆனாலும் தெருவுக்கு அவள் இன்றும் குழாய்க்காரர் வீட்டம்மாதான். திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கெனத் தனி மேசை உண்டு. தன் கத்தரியைப் பிறர் தொட்டால் சும்மா விடமாட்டாள் என்ற பெயரும் உண்டு. வீட்டின் பழைய காரை ஓட்டியவளும் அவளே. கணவருக்கு ஓட்டுவதில் நாட்டமில்லை. கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் அமர்ந்து, "பாத்து, பாத்து" என்று சொல்வதோடு அவர் பங்கு முடிந்துவிடும். யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திருகிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று.

மழை தொடங்கியபின் அந்தக் காரில் ஒரு சத்தம் குடியேறியது. வளைவில் திரும்பும்போதெல்லாம், அவர் அமர்ந்த இருக்கையின் கதவுக்குள் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் கேட்கும். காலையில் தொண்டைவரை தண்ணீர் விட்டு அவர் கொப்பளிக்கும் அதே சத்தம். முதல்முறை கேட்டபோது வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். பிறகு, கடைக்கு நேர்வழி இருந்தும், வளைவுகள் நிறைந்த வழியிலேயே போகத் தொடங்கினாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது, அதைவிட மோசமாக, சிரிக்காமல் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த இருக்கையின் அடியில் ஈரம் சேர்ந்தது. ஈரத்தில் பூஞ்சை பிடித்தது. அதே இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போகும் மகளுக்கு இருமல் வந்தது, வந்தது போகவில்லை. பின்னால் உட்காரச் சொன்னாலும் அவள் கேட்பதில்லை.

"எங்கயோ ஈரம் இருக்கும்மா. அதச் சரிபண்ணாம நான் மருந்து எழுதிட்டே இருந்தா ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துன கதைதான்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தான். கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்தினான்.

"அக்கா, இது காரா, காளான் பண்ணையா?"

"வாய மூடிட்டு வேலையப் பாருடா."

"மூக்க மூடியாச்சு. வாயையும் மூடுனா செத்துருவேன்." சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நனைந்த விரிப்பைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் உலர்ந்த செய்தித்தாளைப் பரப்பினார்கள். அவளை உள்ளே உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாக அவன் தண்ணீர் விட்டான். கதவின் கீழ்ப்பகுதியில் விட்டபோது தாள் நனையவில்லை. கதவுக் கண்ணாடியில் விட்டதும், அவள் காதருகே, கதவின் வயிற்றுக்குள் தண்ணீர் இறங்கிற்று. கார் அசையவில்லை, ஆனால் கொப்பளிக்கப் போகும் ஒருவரின் வாய்போல அந்தக் கதவு நிறைந்துகொண்டே வந்தது. பின்னர் உட்பலகையின் விளிம்பிலிருந்து ஒரு கோடு வழிந்து தாளைக் கருமையாக்கியது.

"என்னக்கா, தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வீட்டுக்குள் மகள் இருமினாள்.

"தெரிஞ்சிருச்சு."

"கண்ணாடி ரப்பர் வழியா கொஞ்சம் தண்ணி எறங்குறது எல்லாக் கார்லயும் உண்டு. அது வெளிய போகக் கதவுக்கு அடியில ஓட்டை விட்டிருப்பாங்க" என்றபடி அவன் தரையில் படுத்துப் பார்த்தான். சிரித்துவிட்டான். "அடப்பாவமே! மாமா சிலிக்கான் பசை வச்சு அடச்சிருக்காருக்கா. ஊரு ஒழுகலையெல்லாம் நிறுத்துன மனுஷன் சொந்தக் கார்ல கொளம் வெட்டி வச்சிருக்காரு பாரேன்!"

போன மழையின் கடைசியில், கதவின் அடியில் சொட்டுவதைக் கண்டு, "ஒழுகுற ஓட்டையப் பாத்துட்டு எப்படிடி சாப்பிட உக்கார்றது?" என்று அவர் தட்டை விட்டு எழுந்துபோனது அவளுக்கு நினைவு வந்தது. அவர் தொழிலில் ஓட்டை என்றால் குற்றம். சில ஓட்டைகள் தண்ணீர் போவதற்கென்றே விடப்பட்டவை என்பதை அந்தக் கைகள் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவளும் படுத்து அண்ணாந்தாள். சிலிக்கானின்மேல் அவர் பெருவிரல் வழித்த பள்ளம் அப்படியே இருந்தது. விரலின் வெட்டுத் தழும்புகூடக் கோடாகப் பதிந்திருந்தது. அடைப்பைக் குத்தியெடுக்கத் தம்பி ஒரு குச்சியோடு வந்தான்.

"குச்சிய இங்க குடு. நீ தள்ளிக்கோ."

தன் விரலை அந்தப் பள்ளத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். அவள் விரல் சிறிது. பிறகு குத்தினாள். கறுத்த நீர் அவள் முழங்கைவரை வழிந்து, சாய்வான தெருவில் இறங்கி, வெகுநேரம் ஓடிற்று.

விரிப்பு வெயிலில் நன்றாகக் காய்ந்தபின் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றாள். முதல் வளைவில் கதவு பேசவில்லை. அடுத்ததிலும் பேசவில்லை. அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு அதே வளைவுக்கு மீண்டும் வந்து, வேகமாகத் திருப்பினாள். ஒன்றுமில்லை.

"அம்மா, ஸ்கூல் அந்தப் பக்கம்."

"தெரியும்டி."

சிறிது தூரம் போனபின் மகள் கதவில் காதைச் சாய்த்தாள்.

"அந்தச் சத்தத்த நானும் தெனமும் கேப்பேன்மா. அதுக்குத்தான் பின்னாடி உக்காரவே இல்ல."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவேன்னு நெனச்சேன்."

அவள் வேகத்தைக் குறைத்தாள். அடுத்த வளைவு வந்தது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு அதைக் கடந்தார்கள்.