கவ்விக்குள் பூசிய கறுப்பு

பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் பால் மரத்துக்குக்கூட வெள்ளையடிக்கிற தோட்டம் எங்களுடையது. மலாயாவில், சுங்காய்ப் பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அங்கே ரப்பர் ஆலையில் கையாளாக இருந்தேன். மின்சாரச் சாமான்கள் சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்க்க ஈப்போவிலிருந்து இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றதும் ஆபீஸை நடத்தும் பெரிய கிராணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரும்பு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசச் சொன்னார்.

ஆலையிலிருந்து மேட்டு பங்களாவுக்கு மின்கம்பி போகும். அதில் மின்னல் விழுந்தால் மண்ணுக்குள் அனுப்பிவிட, சுவிட்சுப் பலகைக்கு மேல் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து செம்புப் பட்டை இறங்கி, வெளியே தரையில் அடித்த குழாயோடு ஒரு கவ்வியில் சேரும். அங்கே உலோகமும் உலோகமும் நேராகத் தொட வேண்டும், நடுவில் எதுவும் இருக்கக்கூடாது என்பது சட்டம். இங்கிலீஷில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. அதைப் படிக்கத் தெரிந்த ஆலை எஞ்சின்காரர் கோப்பெங்கில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்.

அரைகுறை வேலை எனக்கு ஆகாது. கவ்வியைக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் இரண்டு கை பூசி, காயவைத்து இறுக்கினேன். நாசமாய்ப் போன கை.

திரும்பி வந்த எஞ்சின்காரர் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "மச்சான், நான் கொஞ்சம் அசந்து நின்னா எனக்கும் பூசிருவ போலிருக்கே லா." வெளியே மட்டும்தான் பூசியிருப்பேன் என்று நினைத்தார். கழற்றினாயா என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இடி வந்தால் சுவிட்சை இறக்குவது அவர் வேலை. ஓடிப்போய்ப் பிடியில் கை வைத்தார். அந்த நொடியே மேட்டுக் கம்பியில் மின்னல் விழுந்தது; பலகையிலிருந்து தீ பாய்ந்தது. நான் உள்ளே போனபோது சுவரோரமாகக் கிடந்தார், உள்ளங்கை கருகியிருந்தது. உயிர் இல்லை.

மறுநாள் காலை கிராணி குழாயடியில் குந்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கவ்விக்குள்ளும் பூசினாயா என்றார். பூசினேன் என்றேன். அப்போதுதான் சட்டத்தைத் தமிழில் சொன்னார்: நடுவில் சாயம் இருந்ததால் மின்னல் மண்ணுக்குள் இறங்கவில்லை. உப்புத்தாளை நீட்டினார்.

"சொரண்டிரு. இல்லன்னா ரெண்டு பேரும் உள்ள போயிருவோம்."

சுரண்டினேன். செம்பு பளபளவென்று வரும்வரை சுரண்டினேன். அடுத்த நாள் வந்த இன்ஸ்பெக்டர் கவ்வியைக் கழற்றிப் பார்த்துத் தலையாட்டினார். சாமான்கள் எல்லாம் சட்டப்படி இருக்கின்றன, ஆள்தான் கவனமில்லாமல் கை வைத்துவிட்டான் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

கருமாதி முடிந்த அன்று எஞ்சின்காரர் மனைவி லயத்து வீட்டு வாசலில் என்னை நிறுத்தினாள். கூடப்பிறந்தவன்போல என்னை நினைத்தவள்.

"எல்லாரும் அவரு மேலதான் தப்புங்கிறாங்க. நீங்க கூட இருந்தவரு. நீங்க சொன்னா நம்புறேன் அண்ணே."

கிராணி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு ஜெயில்.

"அவசரப்பட்டுட்டாரு தங்கச்சி," என்றேன்.

அவள் அழவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இழுத்து என் முன்னால் நிறுத்தினாள்.

"மாமா சொன்னதக் கேட்டீங்கல்ல? அப்பா மாதிரி இருக்காதீங்க."